ஓய்வுப் பணத்தில் 500 வாத்து வளர்க்கலாமா?

கேள்வி: எனக்கு 55 வயது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்து இப்போதுதான் நின்றேன். இபிஎஃப்-இல் (ஊழியர் சேமநிதியில்) 86,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) இருக்கிறது. தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) சொந்த வீடு, கடன் இல்லை. மனைவி வீட்டில் பலகாரம் செய்து காலைச் சந்தையில் விற்கிறார். மச்சானுக்குப் பழைய ஈயக்குட்டை (ஈயம் தோண்டிய பள்ளத்தில் தேங்கிய குளம்) ஓரம் முக்கால் ஏக்கர் எல்பிஎஸ் (தற்காலிக உரிம) நிலம் இருக்கிறது, சும்மாதான் கிடக்கிறது. 45,000 வெள்ளி எடுத்து அங்கே 500 முட்டை வாத்து வளர்க்க நினைக்கிறேன். கொட்டகைக்கும் வேலிக்கும் 20,000 ஆகும் என்றார்கள். தீவனக் கடை தவுக்கே (முதலாளி) குஞ்சை 6 வெள்ளிக்குத் தருகிறார். 50 கிலோ தீவன மூட்டை 110 வெள்ளி. முட்டையை 70 காசுக்கு அவரே எடுத்துக்கொள்வாராம், தீவனமும் கடனுக்குத் தருவாராம். வாத்து வருடத்துக்கு 300 முட்டை போடும் என்கிறார்கள். அப்படியானால் வருடம் 105,000 வெள்ளி வருகிறதே, இறங்கலாமா?

பதில்: இறங்கலாம் ஐயா. ஆனால் 500 வேண்டாம், 100 போதும். 45,000 வெள்ளியும் வேண்டாம், 12,000 எடுங்கள்.

உங்கள் கணக்கில் வரவு இருக்கிறது, தீனிச் செலவு இல்லை. முட்டை போடும் வாத்து ஒன்று நாளைக்கு ஏறக்குறைய 150 கிராம் தின்னும். 500 வாத்துக்கு 75 கிலோ, அதாவது ஒன்றரை மூட்டை, 165 வெள்ளி. வருடத்துக்கு 60,000 வெள்ளிக்கு மேல் தீவனத்துக்கே போய்விடும். இந்தத் தொழிலில் செலவின் பெரும்பகுதி எப்போதும் தீவனம்தான்.

அதைவிட முக்கியமானது முதல் முட்டைக்கு முந்திய ஐந்து மாதம். குஞ்சிலிருந்து 20 வாரம் வளர்வதற்குள் ஒரு வாத்து சுமார் 12.5 கிலோ தின்றுவிடும். 500 வாத்துக்கு 6,250 கிலோ, 125 மூட்டை, 13,750 வெள்ளி. அந்த ஐந்து மாதமும் ஒரு காசு வரவு கிடையாது. குஞ்சு 3,000, கொட்டகை 20,000, தீவனம் 13,750 என்று கூட்டினால் 36,750 ஆகிறது. கையில் மிச்சம் 8,250. வாத்து முட்டை போடத் தொடங்கிய பிறகு மாதத் தீவனமே 4,950 வெள்ளி. அப்படியென்றால் மிச்சப் பணம் இரண்டு மாதத்துக்குக்கூடக் காணாது. முட்டையும் முதல் நாளிலேயே முழு அளவில் வந்துவிடாது, மெல்ல மெல்லத்தான் கூடும்.

அந்த நேரத்தில்தான் தவுக்கேயின் கடன் தீவனம் கண்ணுக்குத் தெரியும். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் தீவனத்தைக் கடனாகக் கொடுப்பவரும் முட்டைக்கு விலை சொல்பவரும் ஒரே ஆளாக இருந்தால், நாளை அவர் 70 காசை 58 என்று சொன்னாலும் நீங்கள் மறுக்க முடியாது. பண்ணை உங்கள் பெயரில் இருக்கும், உழைப்பும் உங்களுடையதுதான். விலை மட்டும் உங்கள் கையில் இருக்காது. ஆகவே தீவனத்தை ரொக்கத்துக்கு வாங்க முடிகிற அளவுக்கு மட்டும் வாத்து வையுங்கள். 100 என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

அப்புறம், 6 வெள்ளிக் குஞ்சு பெட்டைக் குஞ்சா, கலந்த குஞ்சா என்று கேட்டீர்களா? பிரிக்காமல் வாங்கினால் ஏறக்குறையப் பாதி ஆணாகத்தான் இருக்கும். 500 குஞ்சில் 250 வாத்து முட்டையே போடாது. ஆனால் ஐந்து மாதம் வைத்திருந்தால் 6,800 வெள்ளிக்கு மேல் தின்னும். தின்பதற்கான முட்டைக்கு ஆண் வாத்தே தேவையில்லை. பெட்டை மட்டும் வேண்டும் என்று கேளுங்கள், விலை கூடச் சொன்னாலும் பரவாயில்லை. கலந்த குஞ்சுதான் கிடைக்கும் என்றால் ஆறேழு வாரத்தில் குரலைக் கவனியுங்கள். பெட்டை உரக்கக் கத்தும், ஆணுக்குக் குரல் கம்மிப்போயிருக்கும். ஆண்களை அப்போதே தனியாகப் பிரித்து, பத்துப் பன்னிரண்டு வாரத்தில் விற்றுவிடுங்கள். முட்டை இன ஆண் வாத்து, இறைச்சிக்கு வளர்க்கும் பீக்கிங் வாத்தைப் போல எடை ஏறாது. இறைச்சி விலையை நம்பி வைத்திருக்க வேண்டாம்.

300 முட்டை என்பது காக்கி கேம்பல் போன்ற இனம், நல்ல தீவனமும் நல்ல கவனிப்பும் இருக்கும்போது எட்டக்கூடிய எண். முதல் முறை வளர்ப்பவர் அதை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. 100 வாத்துக்கு நாளைக்கு 65 முட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது 100 பெட்டைக்குப் பார்ப்போம். நாளைக்குத் தீவனம் 15 கிலோ, 33 வெள்ளி. முட்டை 65. தவுக்கே விலையில் 45 வெள்ளி 50 காசு. மிச்சம் 12 வெள்ளி 50 காசு, மாதம் 375 வெள்ளி. மருந்து, தண்ணீர், செத்தது, உடைந்தது எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும். 70 காசு விலையில் நாளைக்கு 48 முட்டை வந்தால்தான் தீவனக் காசே திரும்பும். இந்த 48 என்ற எண்ணைக் கொட்டகைக் கதவில் எழுதி வையுங்கள்.

375 வெள்ளிக்கா இவ்வளவு பாடு என்று தோன்றும். பச்சை முட்டையாக மொத்த விலைக்குக் கொடுத்தால் இந்தத் தொழிலில் இவ்வளவுதான் நிற்கும். உங்கள் வீட்டிலேயே இருக்கும் பலம் வேறு: உங்கள் மனைவிக்குச் சந்தையில் இடமும் இருக்கிறது, வாடிக்கையும் இருக்கிறது. வாத்து முட்டைக்கு நம் நாட்டில் நல்ல விலை உப்பு முட்டையில்தான். மலாய்க்காரர்கள் தெலோர் மாசின் என்று சோற்றுக்கும் கஞ்சிக்கும் வாங்குகிறார்கள், நோன்பு மாதத்தில் இன்னும் அதிகம். சீனர்களுக்கு ஐந்தாம் சீன மாதத்தில் பாச்சாங்குக்கும் (இலையில் கட்டி அவிக்கும் ஒட்டரிசிப் பலகாரம்), எட்டாம் மாதத்தில் நிலா கேக்குக்கும் அந்த மஞ்சள் கரு வேண்டும். சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு ஒரு பக்கம் கோலகங்சார், மறு பக்கம் ஈப்போ என்று இரண்டு சந்தைக்கும் போகலாம். முட்டையில் இன்னொரு வசதியும் உண்டு. இறைச்சி வாத்தை மலாய்க்காரர்களுக்கு விற்க ஹலால் முறையில் அறுத்திருக்க வேண்டும், முட்டைக்கு அந்தக் கேள்வியே வராது.

செய்முறை கடினமில்லை. கழுவி, விரிசல் பார்த்து, நல்ல உப்புக் கரைசலில் இரண்டு மூன்று வாரம் ஊற வைக்க வேண்டும். உங்கள் ஊரில் உப்பு முட்டை என்ன விலைக்குப் போகிறது என்று உங்கள் மனைவியையே விசாரிக்கச் சொல்லுங்கள். கணக்குக்கு 1 வெள்ளி 20 காசு என்று வைப்போம். 65 முட்டையில் 30-ஐ அப்படி விற்று, உப்பு, அட்டை, உடைசலுக்கு முட்டைக்கு 10 காசு கழித்தாலும், 30 முட்டைக்கு 33 வெள்ளி கிடைக்கும். அன்றைய தீவனக் காசு அதிலேயே வந்துவிடுகிறது. மீதி 35 முட்டை மொத்த விலைக்குப் போனால் 24 வெள்ளி 50 காசு. மாதம் 735 வெள்ளி. வாத்தைக் கூட்டாமலே மிச்சம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது பாருங்கள். அவித்து விற்பதானால் உணவு கையாள்வோருக்கான பயிற்சியும் டைபாய்டு ஊசியும் கட்டாயம். உங்கள் மனைவி ஏற்கெனவே எடுத்திருப்பார்.

குஞ்சை டிசம்பர் மாதம் இறக்குங்கள். மே வாக்கில் முட்டை தொடங்கும், நிலா கேக்குக்கு ஆட்கள் மஞ்சள் கரு தேடும் நேரத்தில் கை நிறைய முட்டை இருக்கும்.

செலவுக்கு வருவோம். பெட்டைக் குஞ்சு 100-க்கு 600 (விலை கூடினால் சிறிது அதிகம்), 20 வாரத் தீவனம் 2,750, பழைய தகரமும் மரமும் வைத்துக் கொட்டகை, வேலி 4,000. முட்டை தொடங்கிய பின் மூன்று மாதத் தீவனத்துக்கு 2,970 வெள்ளியைத் தனியாக எடுத்து வையுங்கள். கூட்டினால் 10,320. மருந்துக்கும் எதிர்பாராததற்கும் சேர்த்து 12,000. அந்த மூன்று மாதக் காசை வேறு எதற்கும் தொடாதீர்கள்.

கொட்டகையைக் கழற்றி எடுத்துப்போகிற மாதிரி போடச் சொல்கிறேன், காரணம் நிலம். எல்பிஎஸ் என்பது தற்காலிக உரிமம். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31-உடன் முடிந்துவிடும், புதுப்பித்தால்தான் உண்டு. மச்சான் அதை உங்கள் பெயருக்கு மாற்றித் தர முடியாது. அவர் காலமானால் உரிமமும் அத்தோடு முடியும், பிள்ளைகளுக்குக்கூடப் போகாது. அப்படிப்பட்ட மண்ணில் 20,000 வெள்ளிக்கு சிமெண்டு போடுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். உரிமத்தில் எந்தப் பயனுக்கு என்று எழுதியிருக்கிறது, அதில் கோழி வாத்து வளர்க்க இடமுண்டா என்பதை மாவட்ட நில அலுவலகத்தில் கேளுங்கள். பண்ணைக்கு உரிமம் தேவையா, வீடுகளிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளியிருக்க வேண்டும் என்பதைக் கோலகங்சார் கால்நடைத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். இந்த இரண்டு பதிலும் கைக்கு வரும் முன் ஒரு குஞ்சுகூட வாங்காதீர்கள்.

ஈயக்குட்டை இருப்பதால் வாத்துக்கு வசதி என்று நினைத்திருப்பீர்கள். முட்டை வாத்துக்கு நீந்தக் குளம் வேண்டியதில்லை. மூக்கும் கண்ணும் முங்கும் ஆழத்துக்குத் தண்ணீர்த் தொட்டி இருந்தால் போதும். பழைய ஈயக்குட்டைத் தண்ணீரில் ஆர்செனிக் போன்ற நஞ்சு இருக்கக்கூடும், காட்டுப் பறவைகளும் அங்கே இறங்கும். பறவைக் காய்ச்சல் 2004-இலும் 2017-இலும் கிளந்தானில் வந்தது நினைவிருக்கும். வாத்து அந்தக் கிருமியை நோய் காட்டாமலே சுமக்கக்கூடும். நோய் உறுதியானால் கூட்டத்தையே அழித்துவிடுவார்கள். எனவே குட்டைப் பக்கம் வேலி கட்டாயம். பியாவாக்குக்கும் (உடும்பு) மலைப்பாம்புக்கும் அதே வேலிதான் காவல்.

இன்னொன்று, பூஞ்சை பிடித்த சோளம், நனைந்த தீவனம் எதுவும் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிவிடாதீர்கள். அதில் உண்டாகும் அஃப்லாடாக்சின் நஞ்சைக் கோழி ஓரளவு தாங்கும், வாத்து தாங்காது. மிச்சம் பிடித்த 20 வெள்ளிக்குக் கொட்டகையே காலியாகிவிடும்.

இபிஎஃப் பணத்தைப் பற்றி. 55 வயதில் முழுவதையும் எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வேண்டிய அளவு எடுத்துக்கொண்டு மீதியை விட்டால் 100 வயது வரை லாப ஈவு கிடைக்கும். 2024-க்கு 6.30 விழுக்காடு கொடுத்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் இதே அளவு வரும் என்பதில்லை, ஆனாலும் அந்த விகிதத்தில் 74,000 வெள்ளிக்கு 4,662 வெள்ளி. மாதம் 388 வெள்ளி, வாத்தும் வேண்டாம், தீவனமும் வேண்டாம். உங்கள் இருவருடைய வயதான காலத்துக்கு இருப்பது இந்தப் பணம் ஒன்றுதான், அதனால்தான் இதில் பிடிவாதமாக இருக்கிறேன். தொழில் நடக்க ஆரம்பித்ததும் இபிஎஃப்-இன் ஐ-சாரான் திட்டத்தில் நீங்களே திரும்பப் போடலாம். 60 வயதுக்குள் இருக்கும் சுயதொழில்காரருக்கு, போடும் பணத்தில் 20 விழுக்காட்டை அரசாங்கம் சேர்த்துத் தருகிறது, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை. அதாவது 2,500 போட்டால் 500 கூட வரும். சொக்சோவில் (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சுயதொழில் பாதுகாப்பும் எடுங்கள், மாதம் பதின்மூன்று வெள்ளிச் சொச்சத்திலிருந்து இருக்கிறது.

ஒரு வருடம் 100 வாத்தை ரொக்கத்தில் நடத்திவிட்டீர்கள், நாளைக்கு 60 முட்டைக்குக் குறையவில்லை, உப்பு முட்டை சந்தையில் மிஞ்சவில்லை என்றால் அடுத்த 100-க்குப் போங்கள். அதற்கும் இபிஎஃப்-ஐத் தொட வேண்டாம். சிறுதொழிலுக்குக் கடன் தரும் அரசு நிறுவனமான தெக்குன் நேஷனலில் இந்தியத் தொழில்முனைவோருக்கென்றே ஸ்பூமி கடன் இருக்கிறது. தொழிலை உங்கள் மனைவி பெயரில் பதிந்தால், சிறுகடன் தரும் அமானா இக்தியாரில் இந்தியப் பெண்களுக்கான ‘பெண்’ என்ற கடன் திட்டத்துக்கும் கேட்டுப் பார்க்கலாம். எஸ்எஸ்எம் (நிறுவனப் பதிவு ஆணையம்) பதிவுக்குச் சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வேறு வணிகப் பெயர் வைத்தால் 60. தினமும் முட்டை எண்ணிக்கை, தீவனம், விற்ற பணம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி, வரும் பணத்தைத் தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கில் போட்டு வாருங்கள். கடன் கேட்டுப் போகும்போது அதிகாரி முதலில் கேட்பது அந்த வங்கிக் கணக்கறிக்கையைத்தான்.