அம்மாவின் மனச்சோர்வு மகளுக்கும் வருமா?

கேள்வி: என் அம்மாவுக்குப் பல ஆண்டுகளாக மனச்சோர்வு நோய் உண்டு. நான் சிறுமியாக இருந்தபோது அவர் நாள்கணக்கில் அறையை விட்டு வெளியே வரமாட்டார். பாட்டிதான் என்னை வளர்த்தார். இப்போது எனக்கு இரண்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். மன அழுத்தம் மரபணுவையே மாற்றிவிடும், அது தலைமுறைகளுக்கும் தொடரும் என்று படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. இது உண்மையா?
— வாசகி, திருச்சி

பதில்: சகோதரி, நீங்கள் படித்ததில் ஒரு பகுதி உண்மை, ஆனால் உங்கள் தூக்கத்தைக் கெடுத்திருப்பது அந்தப் பகுதி அல்ல. மன அழுத்தம் மரபணுவின் எழுத்து வரிசையை மாற்றுவதில்லை. எந்த மரபணு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் வேதிக் குறிகள் டிஎன்ஏவின் மீதும், டிஎன்ஏ சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் மீதும் இருக்கின்றன. அனுபவங்களால் மாறக்கூடியவை அந்தக் குறிகளே. அவற்றை ஆராயும் துறைதான் எபிஜெனிட்டிக்ஸ்.

நெருக்கடி ஏற்படும்போது மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, அது சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகளைத் தூண்ட, கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ரத்தத்தில் கலக்கிறது. மாடித் தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் சென்சாரைப் போல, ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியிலுள்ள ஏற்பிகள் கார்டிசாலின் அளவை உணர்ந்து இந்தச் சுரப்பை அடக்குகின்றன. ஏற்பிகள் குறைவாக இருந்தால் அடங்குவதற்கு நேரமாகும். நினைவாற்றலுக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸ், மனச்சோர்வு திரும்பத் திரும்ப வந்தவர்களிடம் சராசரியாகச் சற்றே சிறுத்திருப்பது ஸ்கேன் ஆய்வுகளில் தெரிய வந்திருக்கிறது. நீண்டகாலக் கார்டிசால் மிகுதி அதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

கனடாவில், மாண்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி, மோஷே ஸிஃப் ஆகியோரின் குழு 2004இல் வெளியிட்ட எலி ஆய்வு இங்கே முக்கியமானது. தாய் எலிகளில் சில தம் குட்டிகளை அதிகம் நக்கிக் கொடுக்கும், சில குறைவாகவே நக்கும். பிறந்த மறுநாள் பார்த்தால், அந்த ஏற்பிக்கான மரபணுவின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் இரு வகைக் குட்டிகளுக்கும், மரபணுவை அடக்கிவைக்கும் மீத்தைல் என்ற வேதிக் குறி ஒரே அளவில்தான் இருந்தது. முதல் வாரத்திற்குள், அதிகம் நக்கப்பட்ட குட்டிகளிடம் அந்தக் குறி பெரிதும் நீங்கியது. மற்றவற்றிடம் அப்படியே தங்கி, வளர்ந்த பிறகும் நீடித்தது. குறி தங்கிய எலிகளுக்கு ஏற்பி குறைவு, பதற்றம் அதிகம். குறைவாக நக்கும் தாயின் குட்டியைப் பிறந்தவுடன் அதிகம் நக்கும் தாயிடம் விட்டபோதோ, அது வளர்ப்புத் தாயின் குட்டியைப் போலவே வளர்ந்தது. உங்களைப் பாட்டி வளர்த்தார் என்ற வரியைப் படித்தபோது எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வந்தது.

இதே குழு 2009இல் மனித மூளைகளையும் ஆராய்ந்தது. தற்கொலையால் இறந்தவர்களில் சிறுவயதில் கொடுமைக்கு ஆளான 12 பேர், ஆளாகாத 12 பேர், வேறு காரணங்களால் இறந்த 12 பேர் என 36 பேரின் ஹிப்போகாம்பஸ் திசுக்களில், முதல் பிரிவினரிடம் மட்டுமே அந்த ஏற்பி மரபணுவில் மீத்தைல் மிகுந்திருந்தது. ஆகவே இதை மனச்சோர்வின் முத்திரை என்பதைவிடச் சிறுவயதுத் துன்பத்தின் தடயம் என்பதே பொருத்தம். அதுவும் சிறிய ஆய்வு. இறந்தபின் எடுத்த திசுவை வைத்து எது காரணம், எது விளைவு என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

உங்கள் மகளைப் பற்றி. மனச்சோர்வுக்கு மரபுவழிப் பங்கு உண்டு. இரட்டையர் ஆய்வுகள் அதை ஏறத்தாழ 37 விழுக்காடு என மதிப்பிடுகின்றன. ஒருவருக்கு வரும் வாய்ப்பு இவ்வளவு என்பதல்ல இந்த எண். ஒரு சமூகத்தில் மனிதருக்கு மனிதர் காணப்படும் வேறுபாட்டில் மரபணுக்களின் பங்கையே அது குறிக்கிறது. எபிஜெனிட்டிக் குறிகளோ, கருவுற்ற சில நாள்களிலேயே பெரும்பாலும் அழிக்கப்பட்டுப் பின்னர் புதிதாக இடப்படுகின்றன. பெற்றோரின் மன அழுத்தத் தடயம் கருமுட்டை, விந்தணு வழியே மனிதக் குழந்தைகளுக்குச் செல்கிறது என்பது நிறுவப்படவில்லை. எலிகளிலும் நக்கும் பழக்கம் தலைமுறைதோறும் தொடர்ந்தது வளர்ப்பின் வழியே.

இந்த ஆய்வுகளைத் தாய்மார்கள் மீது பழிபோடும் கருவியாகச் சிலர் ஆக்குவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. அதிகம் நக்கும் தாய் எலிகளும்கூட, கர்ப்ப காலத்தில் நெருக்கடிக்கு உள்ளாக்கப்பட்டால் நக்குவதைக் குறைத்துவிடுகின்றன. உங்கள் தாயார் கடமை தவறியவர் அல்லர், நோயுற்றவர். உங்கள் மகளுக்காக நீங்கள் இப்போது செய்யக்கூடியது, உங்கள் தூக்கமின்மையையும் கவலையையும் ஒரு மனநல மருத்துவரிடம் சொல்வதுதான்.

கேள்வி: ரத்தப் பரிசோதனை மூலம் எபிஜெனிட்டிக் குறிகளைப் பார்த்து மனச்சோர்வு வருமா என்று அறிய முடியுமா?
— வாசகர், ஈரோடு

பதில்: முடியாது. மீத்தைல் குறிகள் செல்லுக்குச் செல் வேறுபடுபவை என்பதால், ரத்த அணுவில் காண்பது மூளை நரம்பணுவிலும் இருக்கும் என்று கொள்ள இயலாது. அந்தப் பணத்தை மருத்துவ ஆலோசனைக்குச் செலவிடுங்கள்.

கேள்வி: மனச்சோர்வுக்கு மாத்திரை தொடங்கி இரண்டு வாரம் ஆகிறது, மாற்றமே இல்லை. மன அழுத்தம் மூளைக்குள் இவ்வளவு ஆழமாகப் பதிகிறது என்றால் மாத்திரையால் என்ன பயன்?
— வாசகர், தூத்துக்குடி

பதில்: தம்பி, ஆழமாகப் பதிவது வேறு, அசைக்க முடியாதது வேறு. சுண்டெலிகளை 10 நாள்கள் தொடர்ந்து அவற்றைவிடப் பெரிய சுண்டெலிகளிடம் அடிபடவிட்ட ஓர் அமெரிக்க ஆய்வு 2006இல் வெளியானது. நரம்பணுக்கள் தழைக்க உதவும் பிடிஎன்எஃப் என்ற புரதத்தின் மரபணு, நான்கு வாரங்களுக்குப் பிறகும் அவற்றின் ஹிப்போகாம்பஸில் ஒடுங்கியே கிடந்தது. அதன் ஹிஸ்டோன்களில் மீத்தைல் மிகுந்திருந்தது. இமிப்ரமின் என்ற பழைய மனச்சோர்வு மருந்தைப் பல வாரங்கள் கொடுத்தபோது அந்த மீத்தைல் நீங்கவில்லை. ஆனால் அதே ஹிஸ்டோன்களில் அசெட்டைல் என்ற வேறொரு குறி கூடியது, மரபணு மீண்டும் வேலை செய்தது. ஒரே ஒரு வேளை மருந்து போதவில்லை. தொடர்ந்து கொடுக்க வேண்டியிருந்தது.

மனிதர்களிடமும் மனச்சோர்வு மருந்துகள் முழுப் பலன் தரப் பொதுவாக நான்கு முதல் எட்டு வாரங்கள் ஆகும். நீங்களாக நிறுத்தாதீர்கள், அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். பலன் தெரியாவிட்டால் மருந்தை மாற்றலாம், பேச்சுவழிச் சிகிச்சையையும் சேர்க்கலாம். இரண்டையும் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப் பார்த்தால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 எந்த நேரமும் இயங்குகிறது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.