மாத்தினா ஊசி கூடுதே அக்கா!

வாசகர் கேள்வி பதில்: இந்த தடவை முழுக்க இன்சுலின் மாத்தறது பத்தித்தான்

கேள்வி: அக்கா, எனக்கு 24 வயசு, 11 வயசுல டைப் ஒன் சர்க்கரை (உடம்பு தானா இன்சுலின் சுரக்காத வகை) வந்துச்சு. இத்தனை வருஷமா காலைல ஒரு ஊசி, ராத்திரி ஒரு ஊசி, ரெண்டுலயும் கலங்கலா இருக்கற, மெதுவா வேலை செய்யற என்பிஹெச் இன்சுலினையும் தெளிவா இருக்கற, சீக்கிரம் வேலை செய்யற ரெகுலர் இன்சுலினையும் சேர்த்து போட்டுட்டு இருந்தேன். ராத்திரி 2 மணி 3 மணிக்கு வேர்த்துக் கொட்டி முழிப்பு வரும், டெஸ்ட் பண்ணா சுகர் 52, 48ன்னு நிக்கும், கையில கெடச்ச இனிப்பெல்லாம் அள்ளி வாயில போட்டுட்டு படுப்பேன், காலைல 270. இப்ப டாக்டர் கிளார்ஜினுக்கு (நாளுக்கு ஒரு தடவை போடற, மெதுவா வேலை செய்யற இன்சுலின்) மாத்திட்டார். என்பிஹெச் காலைல 14, ராத்திரி 10, ஆக 24 யூனிட் போட்டுட்டு இருந்தவனுக்கு கிளார்ஜின் 19 போதும்ங்கறார். அதோட மூணு வேளை சாப்பாட்டுக்கும் தனித்தனியா சட்டுனு வேலை செய்யற ராப்பிட் இன்சுலின் வேற. 2 ஊசி இருந்தது 4 ஆயிடுச்சு! நல்லா ஆகணும்னு மாத்தினா ஊசி கூடுது, யூனிட் குறையுது, இது என்ன கணக்குன்னே புரியல. மாத்தி இன்னைக்கு மூணாவது நாள், சாயங்காலம் பாத்தா 240க்கு மேல இருக்கு. பழசுக்கே போயிடலாமா? (மதிய ஊசிய மட்டும் நாலு பேர் முன்னாடி போட கூச்சமா இருக்கறதால விட்டுடறேன்.)

பதில்: தம்பி, கடைசில பிராக்கெட்டுக்குள்ள ஒளிச்சு வச்சீங்களே ஒரு வரி, சாயங்காலம் 240க்கு பதில் அங்கயே இருக்கு. அதுக்கு அப்புறம் வரேன். மொதல்ல ராத்திரி சமாச்சாரம், ஏன்னா ஆபத்து அங்கதான் இருந்துச்சு.

என்பிஹெச் 1940கள்ல வந்த இன்சுலின். போட்டு ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல வேலைய ஆரம்பிச்சு, 4 மணி நேரத்துல இருந்து 10 மணி நேரத்துக்குள்ள எங்கயோ ஒரு உச்சத்துக்கு போய், அப்புறம் மெல்ல எறங்கும். நீங்க ராத்திரி 8 மணிக்கு போட்டா அந்த உச்சம் நடுராத்திரில இருந்து விடியக்காலைக்குள்ள வந்து நிக்கும், அதாவது வயித்துல ஒண்ணும் இல்லாம நீங்க தூங்கிட்டு இருக்கற நேரமா பாத்து. அப்புறம் விடியற நேரத்துல உடம்பு தன்னால எழுந்திருக்க தயாராகி கார்ட்டிசால், குரோத் ஹார்மோன் எல்லாம் சுரக்கும், கல்லீரல் குளுக்கோஸ அவுத்து விடும், அந்த நேரம் பாத்து உங்க என்பிஹெச் களைச்சு போயிருக்கும். நடுவுல நீங்க பயத்துல அள்ளி சாப்பிட்டது வேற. 52 எப்படி 270 ஆச்சுன்னா இப்படித்தான் ஆச்சு. இதுல உங்க தப்பு ஒண்ணும் இல்ல, லோவுல, அதாவது சுகர் ரொம்ப எறங்கி, நடுங்கிட்டு இருக்கறவன் 15 கிராம் குளுக்கோஸ எண்ணி சாப்பிட்டு 15 நிமிஷம் பொறுமையா காத்திருப்பான்னு புத்தகத்துல எழுதறது ஈஸி. (ஆனாலும் அதான் சரியான முறை, குளுக்கோஸ் மாத்திரைய எண்ணி தலைமாட்டுல வச்சுடுங்க, அப்ப கை அதோட நிக்கும்.)

இன்னொண்ணு, அந்த கலங்கல் இன்சுலின ஒவ்வொரு தடவையும் உள்ளங்கைக்கு நடுவுல வச்சு பொறுமையா ஒரு 10, 20 தடவை உருட்டணும், இல்லன்னா அதே 10 யூனிட் ஒரு நாள் நீர்க்க போகும், ஒரு நாள் கெட்டியா போகும். 13 வருஷம் தினமும் ஒழுங்கா உருட்டினீங்களான்னு நான் கேக்க மாட்டேன், நானே உருட்டினதில்ல.

கிளார்ஜின் 2000ல இருந்து பழக்கத்துல இருக்கு. பாட்டிலுக்குள்ள அமிலத்தன்மையோட இருக்கறதால தெளிவா இருக்கும், தோலுக்கடியில போனதும் அந்த அமிலம் மட்டுப்பட்டு பொடிப்பொடியா படிஞ்சிடும், அதுல இருந்து கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு ஏறக்குறைய 24 மணி நேரம் வரும். உச்சமே கிடையாதுன்னு அடிச்சு சொல்ல மாட்டேன், சிலருக்கு லேசா இருக்கும், சிலருக்கு 24 மணி நேரம் முழுசா நிக்காது, ஆனா என்பிஹெச் மாதிரி மலையேறி எறங்காது. அந்த அமிலத்தன்மையாலதான் கிளார்ஜின வேற எந்த இன்சுலின் கூடவும் ஒரே சிரிஞ்சுல கலக்க கூடாது. பழைய ஞாபகத்துல கலந்துடாதீங்க.

இப்ப 19 கணக்கு. ரெண்டு வேளை என்பிஹெச்ல இருந்து ஒரு வேளை கிளார்ஜினுக்கு வரவங்களுக்கு மொத்தத்துல 20 சதவீதம் குறைச்சு ஆரம்பிக்கறதுதான் வழக்கம். 24ல 80 சதவீதம் 19.2, அதான் 19. உங்க டாக்டர் கஞ்சத்தனம் பண்ணல. அந்த 24 யூனிட்ல ஒரு பங்கு அடிப்படை தேவைக்கு (சாப்பிடாதப்பவும் உடம்புக்கு வேண்டிய இன்சுலின்) போகாம வேற வேலை பாத்துட்டு இருந்துச்சு. என்ன வேலைன்னு கேளுங்க: காலைல போட்ட 14 யூனிட்டோட உச்சம் மதிய சாப்பாட்டு நேரத்துல வந்து அந்த சாப்பாட்ட சத்தமில்லாம கவனிச்சுட்டு இருந்துச்சு. அதனாலதான் இத்தனை வருஷம் மதியம் ஊசி இல்லாம ஓட்டினீங்க, அதுக்கு பதிலா மணி அடிச்சா சாப்பிட்டே ஆகணும், லேட் ஆனா கை நடுங்கும், சரிதானே? இப்ப அந்த உச்சம் போயிடுச்சு. மதிய சாப்பாட்ட கவனிக்க ஆளே இல்ல, அந்த ஆள்தான் நீங்க கூச்சப்பட்டு பையிலயே வச்சிருக்கற ராப்பிட் பென் (பேனா மாதிரி இருக்கற இன்சுலின் ஊசி). 240 வராம என்ன வரும்? இந்த 240ஐ காட்டி கிளார்ஜின 22, 24ன்னு ஏத்த சொன்னீங்கன்னா மறுபடி ராத்திரி 3 மணிக்குத்தான் போய் நிப்பீங்க.

ஊசி கூடுச்சு, ஒத்துக்கறேன். ஆனா இனிமே ஒரு மணி நேரம் லேட்டா சாப்பிடலாம், பாதி சாப்பிட்டா பாதிக்கு போட்டுக்கலாம், பசிக்கலன்னா சாப்பாடும் வேணாம் அந்த ஊசியும் வேணாம், கிளார்ஜின் மட்டும் தவறாம போனா போதும். ராப்பிட் 10, 15 நிமிஷத்துல வேலைய ஆரம்பிச்சு 3ல இருந்து 5 மணி நேரத்துல முடிஞ்சிடும், ரெகுலர் மாதிரி அரை மணி முன்னாடியே போட்டுட்டு தட்டு வர்ற வரைக்கும் கடிகாரத்த பாத்துட்டு உக்காரவேணாம். கூச்சத்துக்கு என்கிட்ட மருந்து இல்ல, சட்டை பட்டன் ரெண்டுக்கு நடுவுல வயித்துல போட கத்துக்கிட்டா அஞ்சு செகண்ட்ல முடியும், பக்கத்துல இருக்கறவன் போன்ல இருந்து தலைய தூக்கறதுக்குள்ள.

19 சரியா இல்லையான்னு எப்படி தெரியும்? படுக்கும்போதும் எழுந்ததும் பாருங்க, ராத்திரி சாப்பாடும் அதுக்கு போட்ட ராப்பிட்டும் முடிஞ்சு ஒரு 4 மணி நேரம் ஆகியிருக்கணும். படுக்கும்போது 150, எழும்போது 140ன்னா கிளார்ஜின் வேலைய ஒழுங்கா செய்யுது. 150ல படுத்து 85ல எழுந்தா டோஸ் அதிகம், 220ல எழுந்தா டோஸ் கம்மி. தோராயமா 30 புள்ளிக்குள்ள ஏறி எறங்கினா விட்டுடலாம். முதல் வாரம் 3 மணிக்கு அலாரம் வச்சு ரெண்டு மூணு நாள் பாத்துடுங்க, எல்லாத்தையும் ஒரு நோட்ல எழுதி டாக்டர்கிட்ட காட்டுங்க, அவர் 1 யூனிட் 2 யூனிட்டா ஏத்தவோ எறக்கவோ செய்வார். அதோட வயித்தையும் தொடையையும் தடவி பாருங்க, ஒரே எடத்துல குத்தி குத்தி கட்டி மாதிரி மெத்துமெத்துன்னு இருந்தா அங்க போடற இன்சுலின் ஒழுங்கா உள்ள ஏறாது. அந்த எடத்த விட்டு புது எடத்துக்கு மாறும்போது அதே டோஸ் திடீர்னு பலமா வேலை செய்யும், அதையும் டாக்டர்கிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க.

இத மட்டும் மறக்காதீங்க. இத்தனை வருஷம் கலங்கல்னா மெதுவா போறது, தெளிவுன்னா வேகமா போறதுன்னு கண்ணு பழகியிருக்கும். இப்ப ரெண்டுமே தண்ணி மாதிரி தெளிவு. நான் மாத்தின புதுசுல ஒரு ராத்திரி தூக்கக் கலக்கத்துல கிளார்ஜின்னு நெனச்சு ராப்பிட் 16 யூனிட்ட ஏத்திட்டேன். ஊசிய எடுத்து மூடி போடும்போதுதான் மூடி கலர் வேறன்னு ஒறைச்சுது. வீட்ல எல்லாரையும் எழுப்பி, ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு, கால் மணிக்கு ஒருக்கா டெஸ்ட் பண்ணிக்கிட்டு, இனிப்பு தண்ணிய குடிச்சுக்கிட்டே விடிய விடிய உக்காந்திருந்தேன். அன்னைல இருந்து ராப்பிட் பென்ல ஒரு தடிமனான ரப்பர் பேண்ட் சுத்தியிருக்கும், இருட்டுல கூட கை கண்டுபிடிச்சிடும். ரெண்டு பென்னையும் ஒரே பைல வைக்கறதும் இல்ல.

கேள்வி: என் பையனுக்கு 9 வயசு. கிளார்ஜின்ல இருந்து டெக்லுடெக்குக்கு (அத விட நீண்ட நேரம் நிக்கற இன்சுலின்) மாத்தி ஒரு வாரம் ஆகுது. காலைல சுகர் கூட இருந்தா அன்னைக்கு 1 யூனிட் ஏத்துவேன், குறைஞ்சா 1 எறக்குவேன், அப்படியும் நிக்கவே மாட்டேங்குது, நேத்து ரெண்டு தடவை லோ. மருந்து ஒத்துக்கலையோ?

பதில்: மருந்து மேல பழி போடாதீங்கம்மா, கொஞ்சம் கைய கட்டிக்கிட்டு இருங்க. டெக்லுடெக் ஒரு தடவை போட்டா 42 மணி நேரத்துக்கு மேல உடம்புல இருக்கும். திங்கக்கிழமை போட்டது செவ்வாய்க்கிழமையும் பாதி இருக்கு, அதுமேல செவ்வாய்க்கிழமைது சேருது, இப்படி ஒண்ணுமேல ஒண்ணு சேர்ந்து ஒரு நிலைக்கு வரவே 3, 4 நாள் ஆகும். நீங்க இன்னைக்கு ஏத்தின 1 யூனிட்டோட முழு பலன் நாலு நாள் கழிச்சுத்தான் தெரியும், அதுக்குள்ள நீங்க மூணு தடவை மாத்திட்டீங்க, இப்ப வந்த லோ எந்த நாளோட ஊசிக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது. லோ வந்ததால இன்னைக்கே டாக்டருக்கு போன் பண்ணி ஒரு நம்பர் வாங்கிடுங்க, குழந்தைங்களுக்கு பழைய டோஸ்ல 80 சதவீதத்துல இருந்துதான் பொதுவா ஆரம்பிப்பாங்க, உங்களுக்கு அப்படி குடுத்தாங்களான்னும் கேளுங்க. அந்த நம்பர்ல 3, 4 நாள் அப்படியே நில்லுங்க. நடுவுல மறுபடி லோ வந்தா மட்டும் டாக்டர கேட்டு உடனே குறைக்கலாம், காத்திருக்க வேணாம். மத்தபடி ஒரு நாள் விளையாடினான், ஒரு நாள் சளி, ஒரு நாள் அளவு பாக்காம சாப்பிட்டான், அதுக்கெல்லாம் இந்த இன்சுலின்ல கை வைக்காதீங்க, அது சாப்பாட்டு இன்சுலினோட கணக்கு.

கேள்வி: பென் கெட்டுப்போச்சு, உள்ள இன்சுலின் இருக்கு. வீட்ல பழைய சிரிஞ்சு இருக்கு, அதுல உறிஞ்சி போட்டுக்கலாமா?

பதில்: வேணாம். பென்ல இருக்கறது பொதுவா ஒரு மில்லிக்கு 100 யூனிட், சில கிளார்ஜின் பென்ல 300. உங்க பழைய சிரிஞ்சு ஒரு மில்லிக்கு 40 யூனிட் இருக்கற இன்சுலினுக்கு செஞ்சதா இருந்தா, அதுல 10ங்கற கோடு வரைக்கும் இழுத்தா உள்ள போறது 25 யூனிட், 300 பென்னா இருந்தா 75. கோடு 10ன்னுதான் காட்டும். வேற பென் கைக்கு வர்ற வரைக்கும் என்ன பண்றதுன்னு டாக்டர்கிட்டயோ மருந்துக்கடை பார்மசிஸ்ட்கிட்டயோ கேளுங்க, ஸ்பேர் பென் ஒண்ணு எப்பவும் ஃப்ரிட்ஜ் கதவுக்கிட்ட இருக்கட்டும், ஃப்ரீசர் பக்கத்துல வேணாம், உறைஞ்ச இன்சுலின் குப்பைக்குத்தான்.

கேள்வி: புது இன்சுலின் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பழசு உடம்ப விட்டு முழுசா போகட்டும்னு ரெண்டு நாள் கேப் விடலாமா?

பதில்: கூடவே கூடாதுங்க! டைப் ஒன்ல ஒரு நாள் கூட கேப் கிடையாது. பழசோட அடுத்த டோஸ் எப்ப வரணுமோ அந்த நேரத்துல அதுக்கு பதிலா புதுச போடறதுதான் மாத்தறது, நேரம் எதுன்னு டாக்டர் எழுதி குடுப்பார். ஏற்கனவே விட்டுட்டு இத படிச்சுட்டு இருந்தீங்கன்னா இப்பவே டாக்டர கூப்பிட்டு இன்சுலின் போடுங்க, சுகரும் கீட்டோனும் (இன்சுலின் இல்லாம உடம்பு கொழுப்ப எரிக்கும்போது சேர்ற அமிலம்) பாருங்க. சுகர் 250க்கு மேல, கீட்டோன் இருக்கு, வாந்தி வயித்துவலி, மூச்சு வாங்குதுன்னா நேரா எமர்ஜென்சிக்கு.