41 வயதில் சிங்கப்பூர்ச் சாலையில் ரோட் பைக் ஓட்டலாமா? வீட்டில் பயப்படுகிறார்கள்

கேள்வி கேட்டவர் ஒரு வருடமாக ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் சைக்கிள் ஓட்டுகிறாராம். இப்போது ரோட் பைக்கில், அதாவது வேகமாக ஓட்டுவதற்கான மெல்லிய டயர் சைக்கிளில், சாலைக்கு வர ஆசை. மனைவியோ, "லாரிக்காரன் அடிச்சுப் போட்டா யாரு பொறுப்பு?" என்கிறாராம்.

நான் சாலைக்கு வந்தது 38 வயதில். இப்போது 44. இடையில் ஒரு தடவை காறை எலும்பு உடைந்தது, சிராய்ப்புகளுக்குக் கணக்கில்லை. அப்படியும் ஓட்டலாம் என்றுதான் சொல்வேன். உங்கள் மனைவி சொல்லும் லாரி பயப்பட வேண்டிய சங்கதிதான். ஆனால் என் அனுபவத்தில் அதற்கு முன்னால் வரிசையில் இன்னும் சில நிற்கின்றன.

என் வீடு ஈசூனில். ஞாயிறு காலை ஐந்தரைக்கு புளோக்கின் கீழ்த்தளத்தில் டயருக்குக் காற்றடிக்கும்போது பூனைகள் மட்டும்தான் விழித்திருக்கும். ஐந்தே முக்காலுக்கு எட்டுப் பேர் சேர்ந்துவிடுவோம். மண்டாய் ரோடு, உட்லண்ட்ஸ் ரோடு, கிராஞ்சி அணை, நியோ தியூ ரோடு, லிம் சூ காங் என்று போய்த் திரும்பினால் ஐம்பது கிலோமீட்டர் சுமாருக்கு வரும். இந்த ஊரில் காற்று உடம்பில் பட்டுச் சில்லென்று இருப்பது அந்த ஒரு மணி நேரம்தான். மண்டாய்க் காட்டை ஒட்டிய இறக்கத்தில் ஈர இலை வாசனை மூக்கில் ஏறும். முதல் பத்து நிமிடம் ஆபீஸ் கதை, பிள்ளைகளின் பரீட்சைக் கதை எல்லாம் ஓடும். அப்புறம் வேகம் கூடக் கூடப் பேச்சு தானாக நின்றுவிடும். சங்கிலி ஓடும் சத்தமும் முன்னால் போகிறவர்களின் சிவப்பு விளக்கும்தான் மிச்சம். கிராஞ்சி அணைக்கு வரும்போது வானம் வெளுக்கத் தொடங்கும். வலது பக்கம் ஜொகூர் நீரிணை, இடது பக்கம் நீர்த்தேக்கம். அந்த இடத்தில் யாரும் யாரையும் முந்த மாட்டார்கள். சட்டம் எதுவும் இல்லை, மனசு வராது.

லிம் சூ காங் ரோடு வேறு ரகம். அவசரத்துக்குப் போர் விமானங்கள் இறங்கி ஏறும்படி, ஒரு பகுதியை ஓடுபாதை மாதிரி நேராகப் போட்ட சாலை அது. 2016-இல் விளக்குக் கம்பங்களையும் பேருந்து நிறுத்தங்களையும் கழற்றி வைத்துவிட்டு அங்கே விமானப்படை பயிற்சி செய்தது. அந்த நேர்கோட்டில் ஏறியதும் எங்கள் ஆட்களுக்கும் தாங்களே விமானம் என்ற நினைப்பு வந்துவிடும்.

ரோட் பைக்கில் ஆட்களைப் பைத்தியமாக்குவது எது தெரியுமா? அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது. 30 கிலோமீட்டர் வேகத்தில் நாம் மிதிக்கும் மிதியில் பெரும்பங்கு காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. முன்னால் ஒருவர் அந்த வேலையைச் செய்ய, அவருடைய பின்சக்கரத்துக்கு ஓர் அடி இரண்டடி தள்ளி நாம் ஒட்டிக்கொண்டால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். தனியாக 27-ஐத் தாண்டத் திணறும் நான் குழுவோடு 34-இல் பறப்பேன். வயிறும் தொப்பையுமாக 44 வயதில் அந்த வேகம் தருகிற போதையைப் பூங்கா இணைப்புப் பாதையில் எதிர்பார்க்காதீர்கள். அங்கே 25-தான் வரம்பு. பிள்ளைகளும் நாய்க்குட்டிகளும் குறுக்கே ஓடும் இடத்தில் அதுவே அதிகம்.

நான் விழுந்ததும் அந்த ஓர் அடி இடைவெளியில்தான்.

மூன்று வருடம் இருக்கும். நியோ தியூ ரோட்டில் காலை ஏழேகால். எட்டுப் பேர் நாலு நாலாகப் பிரிந்து ஒற்றை வரிசையில் போய்க்கொண்டிருந்தோம். 2022 ஜனவரியிலிருந்து ஒற்றை வரிசை என்றால் ஒரு குழுவில் ஐந்து பேர்தான். ஒரு திசையில் இரண்டு தடம் உள்ள சாலை என்றால் ஜோடி ஜோடியாகப் பத்துப் பேர் வரை. இரண்டு குழுக்களுக்கு நடுவில் இரண்டு விளக்குக் கம்பத் தூரம் விடச் சொல்கிறார்கள். அதையெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தோம். எனக்கு முன்னால் போனவருக்கு வயது 61, எங்கள் குழுவில் எல்லோருக்கும் அண்ணன். பண்ணைப் பக்கமிருந்து ஒரு நாய் எட்டிப் பார்த்தது. அவர் பிரேக்கைக்கூடத் தொடவில்லை, மிதிப்பதை நிறுத்தினார், அவ்வளவுதான். "ஸ்லோவிங்!" என்று கத்தினார் என்று மற்றவர்கள் பிறகு சொன்னார்கள். நான் அப்போது ஹேண்டில்பாரில் இருக்கும் மீட்டரில் என் இதயத்துடிப்பு 171 என்று படித்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

என் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்தின் இடது ஓரத்தில் உரசியது. இப்படி உரசினால் முன்னால் போகிறவர் பெரும்பாலும் தப்பித்துவிடுவார், விழுவது பின்னால் இருப்பவன்தான். சைக்கிள் ஒரு பக்கம் சாயும்போது நாம் அறியாமலே முன்சக்கரத்தை அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பித்தான் நிமிர்கிறோம். திருப்ப இடமில்லாமல் இன்னொரு சக்கரம் தடுத்தால் நிமிர வழியில்லை. "ர்ர்ர்" என்று ரப்பர் தேய்கிற சத்தம். அடுத்த நொடி வலது தோள் தாரில். சாலையின் நடுப்பக்கமாக விழுந்திருந்தேன். பின்னால் லாரி பிரேக் பிடிக்கும் சத்தம் கேட்டது. உங்கள் மனைவி சொன்னதுதான் அந்த நொடியில் எனக்கும் தோன்றியது.

லாரி பத்தடி தள்ளி நின்றது. லாரியின் பின்னால் உட்கார்ந்திருந்த ஏழெட்டுத் தொழிலாளர்கள் குதித்து ஓடி வந்தார்கள். "அண்ணே, கைய அசைக்காதீங்க, அப்படியே இருங்க." சொன்ன பையன் புதுக்கோட்டைப் பக்கம் என்று பேச்சிலேயே தெரிந்தது. இருபத்தைந்து வயதுகூட இருக்காது. தோளில் கிடந்த துண்டை எடுத்து, என் முழங்கையை ஏந்தி, கழுத்தோடு தூளி மாதிரி கட்டிவிட்டான். வேலையிடத்தில் முதலுதவிப் பயிற்சி கொடுத்தார்களாம். இன்னொருவன் நடு ரோட்டில் நின்று வருகிற வண்டிகளை ஒதுக்கினான். 995-ஐ அழைத்தோம். ஆம்புலன்ஸில் எனக்கு இடமுண்டு, சைக்கிளுக்கு இல்லை. "வண்டிய லாரில போட்டுக்கறோம்ணே. டார்மிட்டரில இருக்கும், சரியானதும் வந்து எடுத்துக்கங்க" என்றான். டார்மிட்டரி என்றால் அவர்கள் தங்கியிருக்கும் தொழிலாளர் விடுதி. நம்பரைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

ஆறு வாரம் கை தொங்கலில். அப்பா வந்து எக்ஸ்ரேயைப் பார்த்தார். அவர் 1970-களில் சோங் பாங் கிராமத்திலிருந்து செம்பவாங் கப்பல் பட்டறைக்குத் தினமும் சைக்கிளில் போனவர். நான் ரோட் பைக் வாங்கிய அன்றே, "கார் வாங்க வக்கில்லாமத்தான்டா நான் மிதிச்சேன். நீ காசு குடுத்து மிதிக்கிறியே" என்று சொல்லியிருந்தார். எக்ஸ்ரேயைப் பார்த்த பிறகு திட்டுவார் என்று காத்திருந்தேன். "சைக்கிளுக்கு என்னாச்சு?" என்று மட்டும் கேட்டார்.

சரி, லாரிக்கு வருவோம். லாரி, பஸ் இரண்டிலும் உண்மையான ஆபத்து அவை இடது பக்கம் திரும்பும்போது. விளக்கில் நிற்கும் லாரியின் இடது ஓரத்தில் இடம் இருக்கிறதே என்று நுழையாதீர்கள். அந்த மூலை ஓட்டுநருக்குத் தெரியவே தெரியாது. விளக்கு பச்சையானதும் அவர் திரும்பினால் லாரியின் பின்சக்கரங்கள் உள்வாங்கி வரும், நீங்கள் ஒதுங்க நடைபாதை ஓரக் கல்தான் இருக்கும். பின்னாலேயே நில்லுங்கள், புகை குடித்தாலும் பரவாயில்லை. எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்குவது விரைவுச்சாலைக்குப் பிரியும் இடங்கள். மண்டாய் ரோட்டில் பிகேஈ-க்குத் திரும்பும் இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நாம் நேராகப் போக வேண்டும், நமக்கு இடது பக்கத்தில் தடம் பிரிகிறது, பின்னால் வருகிற கார் நம்மைக் குறுக்கே வெட்டிக்கொண்டு அதில் நுழையப் பார்க்கிறது. அங்கே ஓரத்தோடு ஓரமாக ஒட்டிப் போவதுதான் பெரிய தப்பு. முன்கூட்டியே திரும்பிப் பார்த்து, கை காட்டி, தடத்தின் நடுவுக்கு வந்துவிட வேண்டும். ஹார்ன் அடிப்பார்கள். அடிக்கட்டும், பார்த்துவிட்டார்கள் என்று அர்த்தம். சைக்கிளை முந்தும்போது ஒன்றரை மீட்டர் இடைவெளி விடச் சொல்லி ஓட்டுநர்களுக்கு வழிகாட்டி இருக்கிறது. நிறையப் பேர் விடுகிறார்கள். விடாதவர் வரும் அன்றைக்கு நீங்கள் ஓரக் கல்லில் ஒட்டிக்கொண்டிருந்தால் ஒதுங்க இடம் இருக்காது.

சைக்கிள்காரர்களுக்கு லைசென்ஸ், நம்பர் பிளேட் வேண்டும் என்ற சண்டை இங்கே வருடா வருடம் நடக்கும். 2021-இல் ஆலோசனைக் குழு ஒன்று பரிசீலித்து, வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. என்னைக் கேட்டால் சிவப்பு விளக்கில் நிற்காமல் போகிறவனை நாங்களே குழுவிலிருந்து அனுப்பிவிட வேண்டும். இரண்டு பேரை அனுப்பியும் இருக்கிறோம்.

மழையைப் பற்றி ஒரு வார்த்தை. விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து அடித்துக்கொண்டு வரும் காற்றுமழை இருபது நிமிடத்தில் வானத்தை மாற்றிவிடும். மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில் சாலையில் படிந்த எண்ணெய் மேலே மிதக்கும். வெள்ளைக் கோடு, மஞ்சள் கோடு, சாக்கடை மூடி, சாலை வேலைக்குப் போட்டிருக்கும் இரும்புப் பலகை எல்லாம் சோப்புப் போட்ட மாதிரி. அவற்றின் மேல் போகும்போது பிரேக்கும் பிடிக்காதீர்கள், திரும்பவும் செய்யாதீர்கள். இடி கேட்டால் பேருந்து நிறுத்தத்தில் ஏறி உட்கார்ந்துவிடுங்கள், வெட்கமே வேண்டாம்.

காலணியைப் பெடலோடு பூட்டிக்கொள்ளும் கிளீட் பற்றி எல்லோரும் ஆசை காட்டுவார்கள். முதல் மூன்று மாதம் அந்தப் பக்கமே போகாதீர்கள். பூட்டிய காலை எடுக்க மறந்து, விளக்கில் நின்றபடியே, பூஜ்ய வேகத்தில், மரம் சாய்கிற மாதிரி விழுவோம். நான் விழுந்தது அப்பர் தாம்சனில், ஒரு பள்ளிப் பேருந்துக்குப் பக்கத்தில். உள்ளே இருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள். பஞ்சு வைத்த அரைக்கால் சட்டையை மட்டும் முதல் நாளே வாங்குங்கள். அதற்குள் உள்ளாடை போடக்கூடாது, போட்டால் தையல் உரசித் தொடை புண்ணாகும். அந்தக் கோலத்தில் பிராட்டாக் கடையில் நின்று "ரெண்டு கொசோங், ஒரு முட்டை" என்று சொல்லும் கூச்சம் இரண்டு வாரத்தில் போய்விடும். (கொசோங் என்றால் எதுவும் சேர்க்காத வெறும் பரோட்டா.)

தொடங்க நல்ல இடம் தானா மேரா கடலோரச் சாலை. அங்கே சைக்கிளுக்கென்றே சாலையோரத் தடம் இருக்கிறது, ஏற்றமும் இல்லை. சாலையில் தலைக்கவசம் கட்டாயம். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு. நான் பின்னால் இரண்டு வைத்திருக்கிறேன், ஒன்று பாதியில் அணைந்துபோனால் எனக்குத் தெரியாதே. வண்டி பழையதாக இருக்கட்டும், அளவு மட்டும் உங்கள் உயரத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். குழுவில் சேர்ந்தால் முதலில் மெதுவான குழு, கடைசி ஆளாக, ஒரு வண்டி நீளம் விட்டு. முன்னால் போகிறவரின் சக்கரத்தையே முறைக்காமல் அவருடைய தோளுக்கு மேலாக ரோட்டைப் பாருங்கள். மீட்டரைப் பார்க்கும் ஆசை வந்தால் என் காறை எலும்பை நினைத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிள் கதை பாக்கி இருக்கிறது. இரண்டு வாரம் கழித்து, கை இன்னும் தொங்கலில் இருக்கும்போதே, மைத்துனன் வேனில் டார்மிட்டரிக்குப் போனேன். வாசலில் அந்தப் பையன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, சீட்டுக்குப் பிளாஸ்டிக் பை கட்டி வைத்திருந்தார்கள்.

"ஸ்டாண்டும் இல்ல, கேரியரும் இல்ல. எவ்வளவுண்ணே இது?"

வாங்கியது 3,200 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்). சொல்ல வாய் வரவில்லை, பாதியாகச் சொன்னேன். அவன் விரலை மடக்கினான். "ரெண்டு மாசச் சம்பளம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு ரவுண்டு போகட்டுமா?" என்றான்.

ரப்பர் செருப்போடு ஏறி, வழுக்கும் பெடலில் காலை வைத்துக்கொண்டு, வளாகத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். நண்பர்கள் விசில் அடித்தார்கள். இறங்கியதும் பின்பக்கத்தைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தான்.

"இதுல உக்காந்தா அம்பது கிலோமீட்டர் போறீங்க? சும்மாவா?"