நாலு நிமிஷ முதுகு

கேள்வி: என் மகனுக்கு 13 வயது, எட்டாவது படிக்கிறான். ஒரு வருஷமாகப் போனும் கையுமாக 'ஷாட்' எடுத்துக்கொண்டு திரிகிறான். டைரக்டர் ஆகப் போகிறானாம். தமிழ் வாத்தியார் ஒருவர் பாலு மகேந்திரா படங்களைப் பார்க்கச் சொல்லி இன்னும் ஏற்றிவிட்டார். பள்ளி ஆண்டு விழாவில் இவன் எடுத்த குறும்படத்தைப் போட்டார்கள். பெயர் 'அம்மா'. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை, நாலு நிமிஷமும் என் முதுகுதான் தெரிந்தது. நாங்கள் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். லோன் என் பேரிலும் கணவர் பேரிலும். மேஸ்திரி, மணல், கம்பி என்று நாய்ப்பாடு படுகிறேன். எல்லாம் இவனுக்காகத்தானே? கணக்கில் 41 மார்க் வாங்கியிருக்கிறான். இந்தச் சினிமாப் பைத்தியத்தைத் தெளிய வைக்க ஒரு வழி சொல்லுங்கள்.
– பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: இந்தப் பைத்தியத்தைப் பற்றி எனக்கு மாதம் நாலு கடிதமாவது வரும். பாதிப் பிள்ளைகளுக்கு அடுத்த கோடை விடுமுறைக்குள் தானாகத் தெளிந்துவிடும். அதனால் அதை விடுங்கள். 41 மார்க்கையும் கொஞ்சம் ஓரமாக வையுங்கள், கடைசியில் வருகிறேன்.

நாலு நிமிஷமும் முதுகுதான் தெரிந்தது என்று போகிற போக்கில் எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே லோனுக்குப் போய்விட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

அந்தப் படத்தை எத்தனை நாள் எடுத்திருப்பான் என்று யோசித்தீர்களா? ஒரே நாளில் முடிகிற காரியமில்லை அது. ஒரு காட்சியில் நீங்கள் அடுப்படியில் நின்றிருப்பீர்கள், இன்னொன்றில் சிமென்ட் மூட்டையை எண்ணிக்கொண்டிருப்பீர்கள், வேறொன்றில் மேஸ்திரியோடு போனில் சண்டை. காட்சிக்குக் காட்சி புடவை மாறியிருக்கும். அத்தனை நாளும் பிள்ளை உங்களுக்குப் பின்னால் நாலடி தூரத்தில் நின்றிருக்கிறான். ஒரே ஒரு தடவை திரும்பி, "என்னடா கண்ணு?" என்று கேட்டிருந்தால் போதும், படத்தில் உங்கள் முகம் வந்திருக்கும். வரவில்லை. கை தட்டியவர்களுக்குப் புரிந்தது உங்களுக்கு ஏன் பிடிபடவில்லை என்று இப்போதாவது தெரிகிறதா?

வாத்தியார் சொன்ன மனிதரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாலு மகேந்திரா மட்டக்களப்புப் பக்கம் அமிர்தகழியில் பிறந்தவர். அவர் சின்னப் பையனாக இருந்தபோது அவருடைய அம்மா ஒரு வீடு கட்ட ஆரம்பித்தார். அதுவரை சிரித்த முகமாக, பிள்ளைக்குத் தோழியாக இருந்த அம்மா, வேலை தொடங்கியதும் வேறு ஆளாகிப் போனாராம். எதற்கெடுத்தாலும் எரிச்சல், சிடுசிடுப்பு. அந்தச் சிரிப்பு எங்கே போனது என்று தேடிய பையன் பல வருஷம் கழித்து எடுத்த படம்தான் 'வீடு'. பேட்டிகளில் அவரே சொன்ன சங்கதி இது.

1988-இல் வந்த படம். பாட்டு கிடையாது. ஒளிப்பதிவு, எடிட்டிங் இரண்டும் அவரேதான். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னதால் சொந்த வீடு கட்டக் கிளம்புகிற சுதா என்ற வேலைக்குப் போகும் பெண்ணாக அர்ச்சனா நடித்தார், தேசிய விருதும் வாங்கினார். லோன், அனுமதி, ஏமாற்றுகிற காண்ட்ராக்டர் என்று நீங்கள் இப்போது படுகிறதெல்லாம் அதில் இருக்கிறது. பாதி எழும்பிய வீட்டைப் பார்க்க அந்த வீட்டுத் தாத்தா தனியாகப் பஸ் ஏறி வருவார். சொக்கலிங்க பாகவதர். பூசாத சுவரை அவர் தடவிப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதை நான் எழுதிக் கெடுக்கவில்லை. வீடு முடிவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

'வீட்டைக் கட்டிப்பார்' என்று பயமுறுத்திய பெரியவர்கள், கட்டுகிறவள் பக்கத்தில் ஒரு பிள்ளை நிற்குமே, அதைப் பற்றி மூச்சு விடவில்லை. நீங்களும் 'இவனுக்காகத்தானே' என்கிறீர்கள். அம்மா, அவன் கேட்டானா? பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு மூன்று பெட்ரூம் எதற்கு? வீடு உங்களுக்கு வேண்டும், கட்டுங்கள், தப்பேயில்லை. வாடகை வீட்டில் பட்டவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும். ஆனால் அந்தப் பாரத்தைப் பிள்ளை தலையில் ஏற்றாதீர்கள்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் வீட்டுக்காரர் ஒரே இடத்தில் வருகிறார், லோன் பத்திரத்தில். மணலுக்கும் கம்பிக்கும் மேஸ்திரிக்கும் நீங்கள் ஒருத்தியே மல்லுக்கட்டுகிறீர்கள். அவர் எங்கே? கையெழுத்துப் போட்டதோடு ஆம்பளை கடமை முடிந்துவிட்டதா? இந்தப் பக்கத்தை அவர் கண்ணில் படும்படி டிவி மேல் வையுங்கள்.

பையனையும் நான் சும்மா விடப் போவதில்லை. அம்மா மூட்டை எண்ணும்போது படம் பிடித்த கை, போனை வைத்துவிட்டுக் கூட நின்று எண்ணியிருக்க வேண்டாமா? வீட்டில் ஒருத்தி அல்லாடும்போது வேடிக்கை பார்ப்பது பெரிய கலையில்லை. சிமென்ட், செங்கல் கணக்கு நோட்டை நாளையிலிருந்து அவன் கையில் கொடுங்கள். எத்தனை மூட்டை வந்தது, எத்தனை செலவானது, பாக்கி எவ்வளவு என்று தினமும் எழுதட்டும். 41-க்கு அதுவே டியூஷன். சினிமா என்றால் படிப்பு வேண்டாம் என்று எவனாவது சொல்லியிருந்தால், பாலு மகேந்திராவே புனே திரைப்படக் கல்லூரியில் முறையாக ஒளிப்பதிவு படித்துவிட்டு வந்தவர்தான் என்று சொல்லுங்கள்.

போனைப் பிடுங்கலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். பிடுங்கினால் அவன் மனசில் உள்ளதைக் காட்ட இருக்கிற ஒரே வழியையும் அடைத்தாகிவிடும். வாயால் சொல்ல வராததைத்தான் பிள்ளை படமாக எடுத்திருக்கிறான். பாட நேரத்தில் தொடக் கூடாது என்று கண்டிப்பாக இருங்கள், அது போதும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் உட்கார்ந்து 'வீடு' பாருங்கள். வெங்காயம் உரித்துக்கொண்டே பார்க்கிற வேலை வேண்டாம். அது முடிந்ததும் அவனுடைய 'அம்மா'வையும் ஒருமுறை போடச் சொல்லுங்கள். எந்தக் காட்சி எந்த நாள் எடுத்தது, எங்கே நின்று எடுத்தாய் என்று கேளுங்கள். அவன் சொல்லி முடிக்கிற வரை மேஸ்திரி போன் அடித்தால் எடுக்க வேண்டாம். திங்கட்கிழமை காலையிலும் அவர் அங்கேதான் இருப்பார்.