எலி ஹெப்பட்டோசைட்டில் எச்ஜிஎஃப் வருகிறதா?

வணக்கம். தனியாகப் பிரித்த எலி ஹெப்பட்டோசைட்டில் (கல்லீரலின் முக்கிய செல்) எச்ஜிஎஃப் (அந்தச் செல்லை வளரத் தூண்டும் புரதம்) எம்ஆர்என்ஏ தெரிகிறதே, அதை ஹெப்பட்டோசைட்டே தயாரிக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கென்னவோ மற்ற செல்களின் கலப்படம் என்றுதான் படுகிறது. கல்லீரலில் அதைச் சுரப்பவை பெரும்பாலும் ஸ்டெல்லேட் (நட்சத்திர வடிவத் துணைச் செல்), எண்டோதீலியல் (ரத்தக் குழாயின் உட்சுவர்) செல்கள்; ஹெப்பட்டோசைட்டிடம் இருப்பது அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியான சி-மெட். டிஜிஎஃப்-ஆல்ஃபா என்ற இன்னொரு வளர்ச்சிக் காரணி என்றால் கதை வேறு, அதை ஹெப்பட்டோசைட்டே தயாரிக்கும்.

அதே ஆர்என்ஏவில் ஸ்டெல்லேட் செல்லின் அடையாளமான டெஸ்மின் பாருங்கள். வந்தால் ஸ்டெல்லேட் கூடவே வந்திருக்கிறது. பிரித்த செல்களை சென்ட்ரிஃபியூஜில் 50 ஜியில் (புவியீர்ப்பைப் போல 50 மடங்கு விசையில்) மூன்று தடவை சுற்றி, மற்ற செல்களோடு மேலே நிற்கும் கலங்கலைத் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

அப்புறம், நம்ம பெங்களூரு டிசம்பர் காலையில் வாட்டர் பாத் 37 டிகிரி காட்டினாலும், கல்லீரலைச் செல்களாகப் பிரிக்கும் கொலாஜினேஸ் என்சைம் கரைசல் குழாய் வழியே போவதற்குள் ஆறிவிடும். நான் குழாய்க்குத் துணி சுற்றித்தான் தப்பித்தேன். சரியாகப் பிரியாத கட்டிகளில்தான் மற்ற செல்கள் ஒட்டிக்கொண்டு வரும்.