மொட்டை மாடிக்குக் கீழே 120 சதுர அடி அறை: 2 டன் ஏசி தேவையா?

வணக்கம். சென்னையில் மொட்டை மாடிக்கு நேர் கீழே 120 சதுர அடி படுக்கையறை, மேற்குச் சுவரில் வெயில், கடைக்காரர் 2 டன் ஏசி வாங்கச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

1 டன் என்பது மணிக்கு 12,000 பி.டி.யு. வெப்பத்தை வெளியேற்றும் திறன், சுமார் 3.5 கிலோவாட். கீழ்த்தளமாக இருந்தால் உங்கள் அறைக்கு அதுவே போதும். மாடிச் சூட்டுக்காக 1.5 டன் இன்வெர்ட்டர் ஏசி (தேவைக்கேற்ப கம்ப்ரசர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரகம்) எடுங்கள். அதற்கு மேல் போனால் அறை சட்டென்று குளிர்ந்து கம்ப்ரசர் அடங்கிவிடும். காற்றிலுள்ள ஈரம் வடியாது. 24-ல் வைத்தும் உடம்பு பிசுபிசுக்கும். எங்கள் வீட்டில் இரண்டு கோடை அப்படித்தான் போனது.

ராத்திரி பத்து மணிக்கும் சீலிங் சுடுகிறது இல்லையா? முதலில் மொட்டை மாடித் தளத்துக்கு, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் அடியுங்கள். ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டுங்கள், உள்ளே திரை போடுவதைவிட அது நல்ல பலன் தரும்.