இலவச ஆண்டிவைரஸ் புது மெயில் வைரஸைப் பிடிக்குமா?

மெயிலில் வரும் வைரஸ்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

புது லேப்டாப் வாங்கினேன். இலவச ஆண்டிவைரஸுக்குப் புது வைரஸ் பற்றிய அப்டேட் தாமதமாகத்தான் வரும், வருடச் சந்தா கட்டிவிடுங்கள் என்கிறார் கடைக்காரர். கட்டவா? – மதுரை வாசகர்

அந்தக் காரணத்துக்காகக் கட்ட வேண்டாம். ஒரே நிறுவனத்தின் இலவசப் பதிப்பிலும் கட்டணப் பதிப்பிலும் வைரஸைத் தேடும் இன்ஜின் பொதுவாக ஒன்றுதான். இலவசக்காரர்களைக் காக்க வைத்தால் நிறுவனத்துக்கே நஷ்டம். புது வைரஸ் ஏதோ ஓர் இலவசக் கம்ப்யூட்டரில் தலைகாட்டி, அந்தத் தகவல் வந்து சேர்ந்தால்தான் காசு கொடுத்தவரையும் காப்பாற்ற முடியும். சந்தா கட்டினால் கூடுதலாகக் கிடைப்பவை விபிஎன் (இணையப் போக்குவரத்தை மறைக்கும் வசதி), பாஸ்வேர்டு மேனேஜர், பிள்ளைகளுக்கான கட்டுப்பாடு, போனில் கூப்பிட்டுக் கேட்க ஓர் ஆள். கடைசியாகச் சொன்னது சிலருக்கு உண்மையிலேயே காசு பெறும், மறுக்கவில்லை.

உங்கள் லேப்டாப்பில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து டிஃபெண்டர் ஒரு முழு ஆண்டிவைரஸாக விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. ஆரம்ப வருடங்களில் சோதனைகளில் அது வாங்கிய மார்க் குறைவுதான். கடைக்காரர் அந்தக் காலத்திலேயே நின்றுவிட்டார் போலிருக்கிறது. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பாரடிவ்ஸ் ஆகிய இரண்டு சோதனைக்கூடங்களும் தங்கள் முடிவுகளை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகின்றன. அங்கே பல வருடங்களாக டிஃபெண்டர் கட்டண ஆண்டிவைரஸ்களின் வரிசையிலேயே நிற்கிறது.

ஒரு பலவீனம் உண்டு. இன்டர்நெட் இல்லாதபோது அதன் கண்டுபிடிக்கும் திறன் குறைகிறது. ஏனென்றால் அது பாதி வேலையை மைக்ரோசாஃப்ட்டின் சர்வரைக் கேட்டுத்தான் செய்கிறது. அதனால் விண்டோஸ் செக்யூரிட்டியில் 'கிளவுட் டெலிவர்டு புரொடெக்‌ஷன்' என்ற ஸ்விட்ச் ஆன் ஆகி இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்படியென்றால் வைரஸ் வெளிவந்த அன்றைக்கே பிடித்துவிடுமா? – சேலம் வாசகி

பிடிக்கலாம், தப்பவும் விடலாம். காசு கொடுத்து வாங்கியதற்கும் இதே பதில்தான். ஏற்கெனவே பார்த்த வைரஸின் அடையாளத்தை வைத்துப் பிடிப்பது பழைய வழி. அதில் யாராவது ஒருவர் முதலில் அடிபட்டால்தான் மற்றவர்களுக்கு அப்டேட் வரும். இப்போது அதோடு, புதிதாக வந்த ஃபைல் என்ன செய்யப் பார்க்கிறது என்பதையும் கவனிக்கிறார்கள். வேர்டு ஃபைல் ஒன்று திறந்த உடனே பவர்ஷெல்லை (விண்டோஸுக்குக் கட்டளை கொடுக்கும் புரோகிராம்) கூப்பிடுகிறதென்றால், பெயர் தெரியாவிட்டாலும் நிறுத்திவிடலாம். இருந்தாலும் முதல் சில மணி நேரம் ஆபத்தான நேரம்தான். அனுப்புகிறவர்களும் சும்மா இல்லை. நாலைந்து ஆண்டிவைரஸில் போட்டுப் பார்த்து, எதிலும் சிக்காத பிறகுதான் மெயிலை அனுப்புவார்கள்.

இதற்கு ஒரு பழைய வைத்தியம் உண்டு, இன்றும் பலிக்கிறது. மெயிலோடு வந்த சந்தேகமான இணைப்பை (அட்டாச்மென்ட்), அவசரம் இல்லையென்றால், ஒரு நாள் திறக்காமல் வையுங்கள். மறுநாள் அப்டேட் செய்துவிட்டு ஸ்கேன் செய்யுங்கள். நேற்று தெரியாதது இன்று தெரிந்திருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது.

அப்புறம், அப்டேட் உண்மையிலேயே வருகிறதா என்று பாருங்கள். டிஃபெண்டருக்கு ஒரே நாளில் பல முறை வரும். 'புரொடெக்‌ஷன் அப்டேட்ஸ்' பகுதியில் கடைசியாக வந்த தேதி இருக்கும். அது போன வாரத் தேதி என்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. ஆண்டிவைரஸ் விழித்திருக்கிறதா என்று சோதிக்க 'ஐகார்' என்ற சோதனை ஃபைல் இருக்கிறது. 68 எழுத்துகள் கொண்ட ஒரே வரி, எந்தத் தீங்கும் செய்யாது. ஆனால் எல்லா ஆண்டிவைரஸும் அதைப் பார்த்ததும் கத்த வேண்டும் என்று ஏற்பாடு. அதை டவுன்லோடு செய்தும் உங்களுடையது வாய் திறக்கவில்லையென்றால் தூங்குகிறது என்று அர்த்தம்.

வழக்கமாகச் சரக்கு அனுப்பும் கம்பெனியிலிருந்து மெயில். நான் போன மாதம் எழுதிய மெயிலுக்கே பதிலாக வந்திருக்கிறது. உள்ளே ஒரு ஜிப் ஃபைல், பாஸ்வேர்டும் மெயிலிலேயே இருக்கிறது. ஸ்கேன் செய்தால் 'ஒன்றுமில்லை' என்கிறது. திறக்கலாமா? – திருப்பூர், கணக்குப் பிரிவில் இருப்பவர்

திறக்காதீர்கள். பாஸ்வேர்டு போட்ட ஜிப்புக்குள் என்ன இருக்கிறது என்று ஸ்கேனரால் பார்க்க முடியாது. 'ஒன்றுமில்லை' என்று அது சொன்னால், பார்த்தவரைக்கும் ஒன்றுமில்லை என்றுதான் பொருள். ஜிமெயில் இந்த மாதிரி இணைப்புகளுக்கு 'இதைச் சோதிக்க முடியவில்லை' என்று எச்சரிக்கை காட்டும். உண்மையாகவே ரகசியம் காப்பவர் பாஸ்வேர்டை அதே மெயிலிலா எழுதுவார்? அது ஸ்கேனரைத் தடுக்கப் போட்ட பூட்டு.

உங்கள் பழைய மெயிலுக்கே பதிலாக வந்திருப்பதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. 2014-இல் வங்கிக் கணக்குகளைத் திருடக் கிளம்பிய எமோடெட் என்ற வைரஸ் பின்னாளில் கையாண்ட உத்தி இது. ஒருவரின் மெயில் பெட்டியைத் திருடி, அதில் நடந்துகொண்டிருந்த உரையாடலின் நடுவிலேயே புகுந்து 'பில் இணைத்துள்ளேன்' என்று எழுதும். 2021 ஜனவரியில் பல நாட்டுப் போலீஸார் சேர்ந்து அதன் சர்வர்களை முடக்கினார்கள். அந்த வருட நவம்பரிலேயே அது திரும்பி வந்துவிட்டது. உத்தியை மற்றவர்களும் கற்றுக்கொண்டார்கள்.

இணையத்திலிருந்து வரும் ஆபீஸ் ஃபைல்களில் மேக்ரோ (ஃபைலுக்குள்ளேயே இருக்கும் சின்னப் புரோகிராம்) ஓடுவதை 2022-இல் மைக்ரோசாஃப்ட் தானாகவே தடுக்க ஆரம்பித்தது. உடனே வைரஸ் கும்பல்கள் ஐஎஸ்ஓ ஃபைல் (ஒரு டிஸ்க்கின் முழு நகல்), ஷார்ட்கட், 2023 தொடக்கத்தில் ஒன்நோட் என்று தாவிவிட்டன. ஆகவே வேர்டு, எக்செல் இல்லையே என்று நிம்மதி வேண்டாம்.

அந்தக் கம்பெனியைப் போனில் கூப்பிடுங்கள், மெயிலில் இருக்கும் நம்பரில் அல்ல, உங்களிடம் முன்பே இருக்கும் நம்பரில். இன்னொன்று: ஒரு ஃபைலைப் பல ஆண்டிவைரஸ்களில் சோதித்துச் சொல்லும் வைரஸ்டோட்டல் தளத்தில் போட்டுப் பார்க்க நினைத்தால் நினைவு வையுங்கள், அங்கே ஏற்றும் ஃபைல் பாதுகாப்பு நிறுவனங்களின் கைக்கும் போகும். கணக்கு விவரம் இருக்கும் ஃபைலை அங்கே ஏற்றாதீர்கள்.

பிடிஎஃப் என்று நினைத்துத் திறந்தால் அது புரோகிராமாம். எப்படிக் கண்டுபிடிப்பது? – கல்லூரி மாணவர், கோவை

விண்டோஸ் ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்தே வைக்கிறது. 2000 மே மாதம் மணிலாவிலிருந்து கிளம்பி உலகத்தையே ஆட்டிய 'ஐ லவ் யூ' வைரஸ் இதைத்தான் பயன்படுத்தியது. காதல் கடிதம் என்ற பெயருக்குப் பின்னால் 'டிஎக்ஸ்டி' என்று இருக்கும், அதற்கும் பின்னால் மறைந்து 'விபிஎஸ்', அதாவது ஓடக்கூடிய புரோகிராம். மறைக்கும் அந்த வசதி இன்றும் அப்படியே இருப்பது எனக்குப் புரியாத விஷயம். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று போய் டிக் செய்துவிடுங்கள்.

பாதுகாப்புக்கு அவாஸ்ட், ஏவிஜி இரண்டையும் போட்டிருக்கிறேன். சரிதானே?

ஒன்றை நீக்குங்கள். 2016-இல் ஏவிஜியை அவாஸ்டே வாங்கிவிட்டது, இரண்டும் இன்று ஒரே வீட்டுப் பிள்ளைகள். பொதுவாகவே இரண்டு ஆண்டிவைரஸ் ஒரே ஃபைலுக்கு அடித்துக்கொண்டு கம்ப்யூட்டரைத்தான் மந்தமாக்கும். வேறொன்று வந்தால் டிஃபெண்டர் தானாகவே ஒதுங்கிக்கொள்ளும்.

இலவசமாகக் கொடுப்பவர்களுக்கு என்ன லாபம்?

பெரும்பாலும் உங்களைச் சந்தாதாரராக்கும் நம்பிக்கைதான். ஆனால் அவாஸ்ட், பயனர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது. 2020 ஜனவரியில் விஷயம் வெளியே வந்ததும் ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான எஃப்டிசி 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. இலவசம் வைரஸைப் பிடிக்குமா என்பதைவிட எனக்கு உறுத்துவது இந்தக் கணக்குதான். எதை இன்ஸ்டால் செய்தாலும் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய், தகவல் பகிரும் டிக்குகளை எடுத்துவிடுங்கள்.

இணைப்பை கிளிக் செய்தே விட்டேன். இப்போது? – திருச்சி வாசகர்

முதலில் வைஃபையை அணையுங்கள், கேபிள் இருந்தால் பிடுங்குங்கள். டிஃபெண்டரின் ஸ்கேன் ஆப்ஷன்ஸில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' இருக்கும். அது கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் முழுதாகக் கிளம்புவதற்கு முன்பே தேடும். ஒளிந்திருப்பவற்றைப் பிடிக்க அதுதான் நல்லது.

அது ஓடும்போதே வேறொரு கருவியிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். மெயில் பாஸ்வேர்டு முதலில், ஏனென்றால் மற்றக் கணக்குகளின் ரீசெட் லிங்க் எல்லாம் அங்கேதான் வரும். மற்றக் கருவிகளில் திறந்திருக்கும் லாகின்களையும் வெளியேற்றுங்கள். உங்கள் மெயிலை வேறொருவருக்குத் தானாக அனுப்பும், நீங்கள் போடாத ஃபார்வர்டிங் விதி ஏதாவது மெயிலில் உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பணம் போயிருந்தால் உடனே வங்கிக்கும், சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் போன் செய்யுங்கள். கம்ப்யூட்டர் சுத்தம் என்று உறுதியாகும்வரை, பேக்கப் வைத்திருக்கும் ஹார்டு டிஸ்க்கை மட்டும் அதில் செருகிவிடாதீர்கள்.